அங்குலத்தைக் கேட்காதீர்கள், எழுத்தை அளந்து பாருங்கள்

‘அவர்’ என்ற சொல்லின் கடைசியில் நிற்பது ‘ர்’தானா, அல்லது தட்டச்சு செய்தவர் அவசரத்தில் துணைக்காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்துவிட்டாரா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மின்னூலில் ஒருவர் அந்தச் சொல்லைத் தேடினால் அந்த இடம் அகப்படாது. ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்திருப்பார்கள். ஒற்றைக்கொம்பு வரவேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு உட்கார்ந்திருக்கும். ‘அதைக் கேட்டான்’ என்பதில் ‘க்’ விழுந்துபோயிருக்கும். ஒரு புத்தகம் முழுக்க இவற்றைத் திரையில் தேடித் திருத்துகிற மெய்ப்பாளர் நான்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் நடக்கும். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் எங்களுக்கு வேலை வந்து குவியும். 15.6 அங்குல மடிக்கணினியில் காலை முதல் இரவு வரை பக்கங்கள் ஓடும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்தும் வந்த பிறகு அந்த மாதங்கள் கடுமையாயின. மாலையானால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், புருவத்துக்கு மேலே கனம், பிடரியில் இறுக்கம். இரவு ஒன்பது மணிக்கு மேல் எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி சமயத்தில் இரண்டாகத் தெரியும். மெய்ப்பாளருக்குப் புள்ளி இரண்டாகத் தெரிந்தால் தொழிலே ஆட்டம் கண்டுவிடும்.

பெரிய மானிட்டர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வாங்கினேன், பெருமளவு சரியாகியும் விட்டது. ஆனால் வாங்குவதற்கு முன் விசாரித்தும் அளந்தும் ஒப்பிட்டும் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் வேறு. திரை பெரிதாக இருப்பது மட்டும் கண்ணுக்கு ஓய்வு தராது. பெரிய திரையை நாம் தள்ளி வைக்க முடிகிறது, தள்ளி வைத்தும் எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ள முடிகிறது. ஓய்வு அங்கிருந்து வருகிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் தசை சுருங்கி வில்லையைத் திரட்ட வேண்டும். இரு கண்களும் மூக்கை நோக்கித் திரும்ப வேண்டும். 40 செ.மீ. தூரத்தில் பார்க்கக் கண் கூடுதலாக 2.5 டயாப்டர் சக்தியைத் திரட்ட வேண்டியிருக்கிறது. 70 செ.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 1.4 போதும். நாள் முழுக்கத் தசை பிடித்துக்கொண்டிருக்கும் பாரம் கிட்டத்தட்டப் பாதியாகிறது. 27 அங்குலத் திரையை வாங்கி முகத்துக்கு எதிரே ஒரு முழத்தில் வைத்துக்கொண்டால் இந்த லாபம் ஒரு துளிகூடக் கிடைக்காது.

ஆகவே கடைக்குப் போகும் முன் கண் மருத்துவரிடம் போங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சரியான கண்ணாடி இல்லாத கண்ணுக்கு எவ்வளவு நல்ல திரையும் உதவாது. உள்ளே வேறு கோளாறு ஏதேனும் இருந்தால், திரையை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடும் அபாயமும் உண்டு. சென்னையில்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சிறிய ஊர்களில்கூடப் பார்வை மையங்கள் இருக்கின்றன.

என்னைப் பார்த்த மருத்துவர் முதலில் கண்ணீரைச் சோதித்தார். வடிதாள்போல ஒரு காகிதக் கீற்று. அதன் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, கண்ணை மூடி 5 நிமிடம் உட்காரச் சொன்னார். ஷர்மர் சோதனை என்று பெயர். அந்த நேரத்துக்குள் காகிதம் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கண்ணீர் போதவில்லை என்று கொள்வது வழக்கம். எனக்குக் குறைவாகத்தான் நனைந்தது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கிறவர்கள், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை என்று விளக்கினார். மணல் விழுந்த உறுத்தலுக்குக் காரணம் அதுதான்.

அடுத்து, “திரை உங்க கண்ணுலேர்ந்து எவ்வளவு தூரத்துல இருக்கும்மா? நாடாவால அளந்துட்டு வாங்க. அப்புறம் கண்ணாடி எழுதலாம்” என்றார். அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பிறகு புரிந்தது. நான் போட்டிருந்தது புரோகிரெசிவ் கண்ணாடி. அதன் மேற்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி புத்தகம் படிக்க. திரை இருக்கும் இடைத்தூரத்துக்கு நடுவில் ஒரு குறுகிய பாதை மட்டும் உண்டு. அந்தப் பாதையில் திரையைப் பிடிப்பதற்காக நாள் முழுக்க மோவாயைத் தூக்கியே உட்கார்ந்திருப்போம். பிடரி இறுக்கம் அங்கிருந்து வருகிறது. திரை இன்னும் உயரமானால் மோவாயை இன்னும் தூக்க வேண்டும். புரோகிரெசிவ் அணிகிறவர்கள் அந்தக் கண்ணாடியோடு பெரிய திரைக்கு மாறினால் கழுத்துவலி கூடுவது இதனால்தான். திரைத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி எழுதித் தந்தார். வில்லை முழுவதும் ஒரே சக்தி. எங்கே பார்த்தாலும் தெளிவு. ஆக முதலில் தூரம், அடுத்து கண்ணாடி, அதற்குப் பிறகே மானிட்டர்.

தூரத்தை முடிவு செய்வது மேசை. கடையில் கிடைக்கும் கணினி மேசைகள் பல 18 அங்குல ஆழம்தான் இருக்கும். நல்லவை 24 அங்குலம். மானிட்டரின் அடித்தாங்கி மட்டும் ஏழெட்டு அங்குலத்தைத் தின்றுவிடும். 18 அங்குல மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதில் 32 அங்குலத் திரையை வைத்தால், அது முகத்தை இடிக்காத குறைதான். எனக்குக் கண்ணிலிருந்து திரைக்கு 65 செ.மீ. வேண்டியிருந்தது, அதாவது ஒன்றரை முழத்துக்குச் சற்றுக் குறைவு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மேசை ஆழம் போதாதவர்கள் மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்துவிட்டு, பின்விளிம்பில் இறுக்கிப் பொருத்துகிற கைத்தாங்கியை வாங்கலாம். மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மி.மீ. சதுரத்தில் நான்கு திருகு துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். விலை மலிவான சில மாடல்களில் அந்தத் துளைகளே இருக்காது.

இனி எழுத்தளவு. அச்சுப் புத்தகத்தை நாம் 35, 40 செ.மீ. தூரத்தில் பிடித்துப் படிக்கிறோம். திரையை 65 செ.மீ. தள்ளி வைத்தால் அதே எழுத்து கண்ணுக்குச் சிறுத்துத் தெரியும். புத்தகத்தில் இருப்பதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு பெரிதாக்கினால்தான் பழைய அளவு வரும். பணிச்சூழல் வல்லுநர்கள் எழுத்தின் உயரத்தைக் கோணத்தில் கணக்கிடுகிறார்கள். கண்ணில் குறைந்தது 16 கலை, வசதியாகப் படிக்க 20 கலை அளவாவது எழுத்து விழ வேண்டும் என்பார்கள். 60 கலை சேர்ந்தது ஒரு பாகை. 60 செ.மீ. தூரத்தில் 20 கலை என்பது 3.5 மி.மீ.; 70 செ.மீ. தூரத்தில் 4 மி.மீ. ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் திரையில் ‘ப’ என்ற எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கொம்பு, புள்ளி எதையும் சேர்க்க வேண்டாம், உடம்பு மட்டும். 3 மி.மீ. கூட இல்லையென்றால், நீங்கள் அறியாமலே முன்னால் குனிந்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்த மூன்றரை மில்லிமீட்டருக்குள் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதுதான் தமிழ் படிக்கிறவர்களுக்கு உயிரான கேள்வி. ஆங்கிலத்தில் சிறிய எழுத்து ‘ஏ’ மங்கலாக இருந்தாலும் சொல்லின் உருவத்தை வைத்துக் கண் ஊகித்துக்கொள்ளும். தமிழில் ஒரு புள்ளியிலும் ஒரு சுழியிலும் பொருளே மாறிவிடுகிறது. 27 அங்குலத் திரையையே மூன்று தீர்மானங்களில் விற்கிறார்கள். முழு எச்டி, அதாவது 1920 × 1080 என்றால் ஒரு பிக்சலின் அளவு 0.311 மி.மீ. 2560 × 1440 என்றால் 0.233 மி.மீ.; கடையில் இதைக் கியூஎச்டி என்றோ 2கே என்றோ சொல்வார்கள். 3840 × 2160, அதாவது 4கே என்றால் 0.155 மி.மீ. நம் மூன்றரை மில்லிமீட்டர் ‘ப’வுக்கு முதலாவதில் 11 பிக்சல், இரண்டாவதில் 15, மூன்றாவதில் 22. பதினோரு பிக்சலில் ஓர் எழுத்தை வரையும்போது அதன் தலைமேல் இருக்கும் புள்ளிக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இரட்டைக்கொம்பின் மேற்சுழிக்குள் வெள்ளை தெரிய இடமே இருக்காது, அடைத்துக்கொள்ளும். நல்ல பார்வையுள்ள கண் ஒரு கலை அளவுள்ளதைப் பிரித்தறியும். 65 செ.மீ. தூரத்தில் அது 0.19 மி.மீ. ஆகவே 4கே திரையில் அந்தத் தூரத்திலிருந்து தனிப் பிக்சல் கண்ணுக்குத் தெரியாது. மற்ற இரண்டிலும் தெரியும். இதனால்தான் 24 அங்குல முழு எச்டி திரையிலிருந்து 27 அங்குல முழு எச்டிக்கு மாறினால் எழுத்து பெரிதாகும், ஆனால் கூர்மை குறையும். பிக்சல்கள் அதே எண்ணிக்கைதான், பரப்பு மட்டும் கூடுகிறது. விலை குறைவு என்று பலரும் எடுத்துப் போவது இந்த ரகத்தைத்தான். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கும் பக்கத்திலேயே இருக்கும் நரசிங்கபுரம் தெருவுக்கும் நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினேன். போவதற்கு முன் ஒரு சோதனைப் பக்கம் தயார் செய்தேன். அவர் – அவா், ஔவை – ஒளவை, கெடு – கேடு, பொறி – பொரி, ஒற்று நெருக்கமாக வரும் இரண்டு பத்தி, அடிக்குறிப்பு அளவில் நான்கு வரி. அதை பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். கூடவே ஆறு அங்குல ஸ்கேல்.

கடைகளில் திரையில் எப்போதும் பூக்களும் அருவியும் பறவையும் ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தை நூற்றுக்கு நூறு வைத்திருப்பார்கள். அதில் எல்லா மானிட்டரும் அழகாகத்தான் தெரியும்.

“அக்கா, 27 இஞ்ச்தானே? இதை எடுத்துக்குங்க. ஐபிஎஸ், 100 ஹெர்ட்ஸ், ஓரமே இல்ல பாருங்க. வீட்டுக்கு இது தாராளமாப் போதும்.”

“தம்பி, இந்தப் பென் டிரைவுல ஒரு பக்கம் இருக்கு. இதுலயும், அந்தப் பக்கம் இருக்கிற 4கேயிலயும் போட்டுக் காட்டுறீங்களா? வெளிச்சத்தைப் பாதியாக் குறைச்சுடுங்க.”

அந்தத் தம்பி முகம் கோணாமல் செய்தார். இரண்டு திரையிலும் ‘ப’ 3.5 மி.மீ. வரும்வரை ஸ்கேலை வைத்துப் பெரிதாக்கிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முழு எச்டியில் ‘கேடு’வின் கொம்பு சாம்பல் நிறத் திட்டாக இருந்தது, ‘ற்’இன் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 4கேயில் அதே புள்ளி எழுத்துக்கு மேலே இடைவெளி விட்டுத் தெளிவாக நின்றது. ‘அவர்’க்கும் ‘அவா்’க்கும் உள்ள அடிவால் வேறுபாடு எட்டி உட்கார்ந்தபோதே தெரிந்தது. “ஆமாக்கா, புள்ளி இதுல தனியா நிக்குது” என்று அவரே சொன்னார். நான் 27 அங்குல 4கேயை எடுத்துக்கொண்டேன்.

இதையே எல்லோரும் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வேலை செய்யும் மென்பொருளைப் பொறுத்தும் இது மாறும். 4கே திரையில் எதையும் பெரிதாக்காமல் வைத்தால் பட்டியல்களும் பொத்தான்களும் கடுகாகிவிடும். விண்டோஸில் அளவை 150 விழுக்காடு என்று வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். வேர்ட், இன்டிசைன், இணைய உலாவிகள் எல்லாம் இதற்குப் பணிந்து கூர்மையாகவே பெரிதாகும். ஆனால் நம் ஊர் டிடிபி மையங்கள் பலவற்றில் இன்றும் பேஜ்மேக்கர்தான் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. இந்த அளவு மாற்றமெல்லாம் அதற்குத் தெரியாது. விண்டோஸ் அதன் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். எழுத்து மசமசவென்று ஆகிவிடும். பேஜ்மேக்கரிலேயே நாள் முழுக்க இருப்பவர்கள் 27 அங்குல 1440 ரகத்தை வாங்கி, அளவை 100 விழுக்காட்டிலேயே விட்டுவிட்டு, பக்கத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்வது நல்லது. எங்கள் வட்டாரத்துப் பக்க வடிவமைப்பாளர் ஒருவருக்கு நான் அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பெரியவர்கள் பலர் இன்னொரு காரியம் செய்கிறார்கள். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று தீர்மானத்தையே 1366 × 768-க்கு இறக்கிவிடுகிறார்கள். எழுத்து பெரிதாகும்தான், ஆனால் திரையின் சொந்தப் பிக்சல்களோடு பொருந்தாமல் ஓரமெல்லாம் கலங்கிவிடும். கண் அதைத் தெளிவாக்கிவிட முயன்று முயன்று களைத்துப்போகும். தீர்மானத்தைத் தொடாதீர்கள், அளவு விழுக்காட்டை ஏற்றுங்கள். அப்படியே விண்டோஸ் தேடலில் கிளியர்டைப் என்று தட்டி, வரும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். சில நிமிட வேலை.

வடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியோடு வரும் பழைய நீல முனை விஜிஏ வடத்தைச் செருகிவிட்டு, திரை மங்கல் என்று திரையைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் வடம் போடுங்கள். 4கே வாங்குகிறவர்கள் மடிக்கணினியின் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1.4 என்றால் நொடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கப்படும். சுட்டி விட்டுவிட்டு நகரும், பக்கத்தை உருட்டும்போது எழுத்து துள்ளும். 2.0 இருந்தால் 60 கிடைக்கும். கடைக்கு மடிக்கணினியையும் எடுத்துச் சென்று இணைத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

வீட்டில் இருக்கும் 43 அங்குல டிவியையே வைத்துக்கொள்ளலாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதன் அகலம் 95 செ.மீ. மேசைத் தூரத்தில் உட்கார்ந்தால் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பல டிவிகள் நிறத் தகவலைக் குறைத்துக் காட்டுவதால், வண்ண எழுத்துகள், முக்கியமாகச் சிவப்பு எழுத்து, ஓரம் கரைந்து தெரியும். எழுத்தாளர்களின் திருத்தங்கள் சிவப்பில்தான் வருகின்றன. கண்டிப்பாக டிவிதான் என்றால், உள்ளீட்டின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றி, கூர்மை அமைப்பை இறக்கிவிட்டு, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். படிக்கிற வேலைக்கு நான் ஒப்ப மாட்டேன்.

பலகை வகைகளில் ஐபிஎஸ் வாங்குங்கள். விஏ பலகையில் கறுப்பு அழகு, ஆனால் பக்கத்தை உருட்டும்போது கறுப்பு எழுத்து இழுபடும் மாடல்கள் உண்டு. ஓஎல்இடி திரைகள் பலவற்றில் உட்பிக்சல்களின் அடுக்கு வேறாக இருப்பதால் எழுத்தோரத்தில் நிறம் கசியும். பளபளப்பான கண்ணாடி முகப்பு வேண்டாம், மங்கல் பூச்சு வேண்டும். வளைந்த திரை எனக்குத் தேவைப்படவில்லை. 27 அங்குலத்தில் வளைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை, பக்க வடிவமைப்பில் நேர்கோடு பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சலாகவும் இருக்கலாம்.

மினுக்கம் என்று ஒன்று உண்டு, அதை அவசியம் சோதியுங்கள். சில திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்குப் பின்விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும். வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, வெள்ளைப் பக்கத்தின் முன்னால் ஒரு பேனாவை வேகமாக இடவலமாக ஆட்டுங்கள். பேனா ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாக்களாக வரிசை கட்டித் தெரிந்தால் அந்தத் திரை மினுக்குகிறது, வாங்காதீர்கள்.

வாங்கி வந்த பிறகு வைக்கும் விதத்தில் பாதிப் பலன் இருக்கிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். 27 அங்குலத் திரை 34 செ.மீ. உயரம், 32 அங்குலம் 40 செ.மீ. நான் 32-ஐ விட்டதற்கு இந்த உயரம் ஒரு காரணம். மேல் நோக்கிப் பார்க்கும்போது இமை அகலத் திறக்கிறது, கண்ணின் ஈரப்பரப்பு அதிகமாகக் காற்றில் படுகிறது, கண்ணீர் சீக்கிரம் காய்கிறது. கீழ் நோக்கிப் பார்த்தால் இமை பாதி மூடிக் கண்ணைக் காக்கிறது. கண் வறட்சி உள்ளவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். உயரத்தை ஏற்றி இறக்கும் தாங்கி உள்ள மாடலுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம், அது தகும்.

நம் ஊரில் வறட்சிக்கு இன்னொரு காரணம் தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி. என் நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. மேசையை அறையின் மற்ற மூலைக்கு மாற்றினேன். ஏசிக்காற்று முகத்தில் நேரே அடிக்கிற அலுவலகங்களிலும் இடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஜன்னல் மானிட்டருக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, உங்களுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் இருக்க வேண்டும். வெளிச்சத்தின் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குபோல எரிந்தால் அதிகம், தாளைவிடச் சாம்பலாகத் தெரிந்தால் குறைவு. தாளும் திரையும் ஒரே வெண்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். என் அறையில் பகலில் அது நூற்றுக்கு 30-ஐ ஒட்டி வருகிறது.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு நல்லது என்ற பேச்சு இருக்கிறது. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் மெய்ப்புப் பார்க்கும் வேலையையே சோதனையாகக் கொடுத்திருந்தார்கள். வெள்ளையில் கறுப்பு எழுத்தைப் படித்தவர்கள், இளையவர்களானாலும் முதியவர்களானாலும், சிறப்பாகச் செய்தார்கள். என் அனுபவமும் அதுதான். கறுப்புப் பின்னணியில் புள்ளி பூத்துப் பெரிதாகி எழுத்தோடு கலந்துவிடுகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் அதைப் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்தை மானிட்டரில் ஒரு படி மேலே போகச் செலவிடுங்கள்.

பெரிய திரையால் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய உதவி வேறொன்று. முன்பு எழுத்தாளரின் தட்டச்சுப் படி மேசையில் கிடக்கும், மெய்ப்பு திரையில் இருக்கும். 40 செ.மீ. தூரத்துக்கும் 60 செ.மீ. தூரத்துக்கும் கண் மாறி மாறித் தாவும். கழுத்தும் கூடவே ஆடும். இப்போது மூலப்படியை வருடி எடுத்துத் திரையின் இடப்பக்கம் வைக்கிறேன். டெம்மி அளவுப் பக்கம் 14 செ.மீ. அகலம், அதை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் 28 செ.மீ. 60 செ.மீ. அகலத் திரையில் மூலமும் மெய்ப்பும் அருகருகே, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நிற்கின்றன. இரவு ஒன்பது மணிக்கும் புள்ளி ஒன்றாகவே தெரிகிறது.

ஆனாலும் இடைவேளை வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி பார்க்கச் சொல்வார்கள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் எழுத்துகளை நான் வாசித்துவிட்டு, மெதுவாகப் பத்து முறை இமையை முழுதாக மூடித் திறக்கிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தும் தொடர்கிறது. இவற்றை விட்டுவிட்டுத் திரையை மட்டும் நம்ப முடியாது.

வாங்கும் நாளில் கடையிலேயே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத் திரைக்கும் நிறம் போட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சுக்குப் போகும் பக்கத்தில் அப்படி ஒரு கரும்புள்ளி, ஒற்றுப்புள்ளியாக நம்மை ஏமாற்றும். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெரும்பாலான மானிட்டர்களுக்கு 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு. விலை மாதாமாதம் மாறும். தோராயமாக, 24 அங்குல முழு எச்டி 10 ஆயிரம் ரூபாயை ஒட்டியும், 27 அங்குல 1440 ரகம் 15 முதல் 22 ஆயிரத்துக்குள்ளும், 27 அங்குல 4கே அதற்கு மேலும் கிடைக்கும். கையில் 10 ஆயிரம்தான் என்றால் 27 அங்குல முழு எச்டிக்கு ஆசைப்படாமல் 24 அங்குலத்தை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

பதிப்பாளர்களுக்கும் டிடிபி மையம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசைகளில் இன்னும் 18.5 அங்குல, 1366 × 768 திரைகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பிக்சல் 0.3 மி.மீ. அதன் முன்னால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உட்கார்ந்து உங்கள் புத்தகங்களைத் தட்டச்சு செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்; கண் எரிகிறது என்று வாய் திறந்து சொல்லாதவர்கள். இந்தப் புத்தகக் காட்சிக்கு முன் ஒரு திரையையாவது மாற்றிக் கொடுங்கள். எந்த ரகம் என்று அவர்களிடமே கேளுங்கள், சோதனைப் பக்கத்தோடு கடைக்கு அவர்களையே அனுப்பி வையுங்கள்.